கூரையில்லாத ரூம்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்றுக் காலையில் மணலி ரிஃபைனரிக் காற்று இந்தப் பக்கம் திரும்பி, அந்த கேஸ் வாடை வந்தது. வாடை வந்தால் கரியும் வரும், செடிக்கு மூச்சடைக்கும் என்று நீதானே சொல்வாய். உன் பழைய நைட்டியை எடுத்துச் சங்குப்பூக் கொடியின் இலையெல்லாம் துடைத்தேன். ஒவ்வொன்றிடமும் "மூக்கைக் காட்டு" என்று வேறு சொல்லியிருக்கிறேன். துணி காயப்போடத் தன் மாடிக்கு வந்த பக்கத்து வூட்டம்மா பார்த்துவிட்டு, ஈரத்துணியோடு இறங்கிப் போய்விட்டார்.

இந்த இடம் வந்தது உனக்கு இளைப்பு முற்றிய வருஷம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே உனக்கு மூச்சு வாங்கும். காற்றோட்டமான ரூமில் வையுங்கள் என்றார் டாக்டர். திருவொற்றியூரில் நமக்கு இருந்ததே ஒரு ரூம்தான். பின்னால் துணி துவைக்க எட்டடி இடம். நீ சாக்பீஸால் அங்கே கோடு போட்டாய்.

"இது ஹாலு. இங்க என் சேரு. இது செவுரு."

"செவுரு எங்கடி கீது?"

"நீதான்யா கொண்டாரணும்."

காசிமேட்டுத் தோஸ்து கிழிந்த மீன்வலை ஒன்று கொடுத்தான். அதைக் கட்டிச் சங்குப்பூக் கொடியை ஏற்றினால் சுவர். கழுவிவிட்டுக் கட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று நாள் தெருப்பூனையெல்லாம் நம் ஹாலில்தான். சிரித்துச் சிரித்து உனக்கு இளைப்பு வந்துவிட்டது. நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். ஹார்பரில் மூட்டை தூக்குகிற கை. உனக்காக ஒரு மூச்சு இழுத்துக் கொடுக்க முடியவில்லை.

ரோஜா வாங்கலாம் என்றேன். நீ கற்றாழை போதும் என்றாய்.

"ரோஜாக்கு தெனம் ஆள் வோணும். தண்ணி லாரியே வாரத்துக்கு ரெண்டு தபாதான் வருது. இதுக்குப் பத்து நாளிக்கு ஒரு சொம்பு. மறந்தாலும் சாவாது."

"ஊத்தப்போறது நீ. எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற?"

"நான் எத்தினி நாளிக்கி ஊத்துவேன்?"

தெருவையே ஓட்டுகிற வாய் எனக்கு. அன்றைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு கற்றாழை வாங்கக் கிளம்பினேன்.

அந்தச் சேரில் நீ உட்கார்ந்தது நாலே மாதம். இப்போது வேலை விட்டு வந்தால் நான் உட்காருகிறேன். நான் ஒன்றும் செய்ய வேண்டாத மாதிரி நீ செய்து வைத்த இடம். சும்மா உட்காரத்தான் முடியவில்லை. கை எதையாவது தேடுகிறது, சொம்பை எடுத்துவிடுகிறது.

கற்றாழை போன வாரம் வேரோடு அழுகிவிட்டது. தினம் மூன்று வேளை ஊற்றியிருக்கிறேன்.