இரண்டு பொட்டலத்திலும் வெள்ளரளி

ஏப்ரல் 4, வெள்ளி

காலையிலேயே அனல். ப்ளஸ் ஒன் பரீட்சை முடிந்தது, அப்பாடா. மாப்பிள்ளை வேட்டையும் முடிந்த மாதிரிதான். எனக்கில்லை, அம்மாவுக்கு. அப்பா இறந்த பிறகு தறிப்பட்டறை, வீடு, நான். வேறென்ன கண்டாள்?

ஆள் தங்கவேல் அங்கிள் (இனி த.வே.). பட்டறைக்கு டெம்போவில் நூல் இறக்குபவர். பள்ளிபாளையம். "ஏனுங்க, சாப்ட்டீங்களா?" என்று அம்மாவைக் கேட்கிற ஒரே ஜீவன். நானே போய்ப் பேசிவிட்டேன்.

அம்மா: "அம்மன்கிட்ட பூக் கேட்டுப் பாக்கலாம் சாமி. வெள்ளை வந்தா சரி. செவப்பு வந்தா இந்தப் பேச்சையே உட்ரோணும்."

ஒன்றில் வெள்ளரளி, ஒன்றில் செவ்வரளி. பொட்டலம் இரண்டையும் கட்டுவது என் பொறுப்பு.

ஏப்ரல் 6, ஞாயிறு

வெள்ளை வந்தது. வராமல் எங்கே போகும்? இரண்டிலும் வெள்ளரளிதான் வைத்தேன். கோயிலுக்கு வந்த ஒரு குட்டிப் பாப்பா ஒன்றை எடுத்தது. மற்றதைப் பிரிக்காமல் ஆற்றில் விட்டாயிற்று. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். எனக்கு ஒரே குஷி. சித்திரையில் தாலி.

ஏப்ரல் 9, புதன்

ரீசார்ஜ். தேங்காய் எண்ணெய். ஜாக்கெட் அளவு கொடுக்கணும்.

த.வே. வந்தார். "ஏனுங்க" காணோம். "இந்தா, தண்ணி கொண்டா." அம்மாவின் போனை வாங்கி, பட்டறை ஆண்களின் நம்பரையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தார். அம்மா சிரித்துக்கொண்டே நின்றாள்.

ஏப்ரல் 12, சனி

பள்ளிபாளையம், என்கூடப் படிக்கிற கௌசி வீடு. த.வே. இருக்கிற தெருவேதான். முதல் மனைவி ஓடிப்போய்விட்டாள் என்றாரே, அதைக் கேட்டேன்.

கௌசியின் அம்மா குரலைத் தணித்து: "ஓடியெல்லாம் போகலே சாமி. கையை ஒடிச்சுப்போட்டான். பொறந்த ஊட்டுல வந்து கூட்டிட்டுப் போனாங்க."

ஒரு சுடிதார் எடுக்கவே நாலு கடை ஏறி இறங்குகிறேன். இதை ஏன் முன்பே விசாரிக்கவில்லை? பயமாக இருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். "ஊரு ஆயிரம் பேசும். அம்மனே குடுத்துருக்கறா, நாம மாத்தறதா?"

ஏப்ரல் 13, ஞாயிறு

கரண்ட் இல்லை. புழுக்கம். சொல்லிவிட்டேன்.

"ரெண்டுமே வெள்ளைதாம்மா. நான்தான் வெச்சேன். சாமி ஒண்ணுமே சொல்லலை."

அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருக்கலாம். என் தலையைத் தடவினாள்.

"செவப்பை வெக்க உடாம உன் கையைப் புடிச்சது யாரு? அவதான் கண்ணு."

வாசலில் டெம்போ சத்தம். அம்மா கதவைத் திறக்கப் போகிறாள்.