கழுகுக்குப் பின்னால் ஒரு படகு

ஸ்தோ, மே 9

அன்பு மகள் இங்குனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், நீயும் நியூசிலாந்தில் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். உடம்பளவில் என்று எழுதியிருக்கிறேனே என்று பதறிவிடாதே, முழுக்கப் படி. மூன்று நாளாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

திமிங்கிலம் காட்டும் சுற்றுலாப் படகு வேலைக்கு அந்த விலை கூடிய மிரர்லெஸ் கேமராவை வாங்கலாமா, நல்லது கெட்டது பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய் அல்லவா, சோர்ட்லாண்ட் கேமராக் கடைக்காரர் பழைய பழக்கத்துக்காகப் பெரிய லென்ஸோடு அதை ஒரு வாரம் என்னிடம் கொடுத்துவைத்தார். முதல் இரண்டு நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை மகளே. பறவை எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் அதன் கண்ணைத் தானாகவே தேடிப் பிடித்துக்கொள்கிறது, விநாடிக்கு இருபது படம், ஒரு சத்தம் கிடையாது, அறுபத்தாறு வயசுக் கையின் ஆட்டத்தையும் மறைத்துவிடுகிறது. குறை என்றால் குளிரில் பேட்டரி மதியத்துக்குள் மூன்று காலி, லென்ஸைத் தூக்கித் தூக்கித் தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது, மெனுவுக்குள் நுழைந்தால் வெளியே வர வழி தெரிவதில்லை. இன்னொன்று, பறவை படச் சட்டத்தை விட்டு விலகினால் அடுத்த கணமே குவியம், அதாவது ஃபோகஸ், பின்னால் இருக்கிற எதையாவது போய்ப் பிடித்துக்கொள்கிறது, அது எனக்குப் பெரிய எரிச்சல், உனக்கு எழுதக் குறித்த தாளில் அதன் கீழே இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை முனைப்பாறைக்குப் போனேன். காற்று காதை அடைத்தது, குல்லாவை இழுத்து விட்டுக்கொண்டேன். பத்தே முக்காலுக்குக் கடற்கழுகு இறங்கியது. கேமராவில் ஒட்டிய கண்ணை அது மீனோடு எழும்பிப் போகிறவரை எடுக்கவேயில்லை. வாழ்க்கையில் இப்படி ஒரு படம் எடுத்ததில்லை என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து, காபியைக்கூடத் தொடாமல் அம்மாவைக் கூப்பிட்டுக் கணினியில் காட்டினேன். கடைசியில் பறவை போன பிறகு விட்டுவிட்டு விழுந்த நாலு படத்தை வீண் என்று அழிக்கப் போனேன். அம்மாதான், “இருங்க இருங்க, அது ஹால்ஸ்டைன் படகு இல்ல? ஆள் எங்க?” என்றாள். பெரிதாக்கினேன். பின்னால் போய்ப் பிடித்த குவியத்தில் படகு ஊசி முனை போலத் தெளிவாக இருந்தது. உள்ளே யாரும் இல்லை. படகின் பின்பக்கத்துக் கயிற்றோடு தண்ணீரில் ஒரு ஆரஞ்சு நிறம், அதிலிருந்து மேலே தூக்கிய ஒரு கை. அடுத்த படத்தில் அந்தக் கை இறங்கியிருந்தது. மூன்றாவதில் மறுபடி மேலே.

 படம் எடுத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அம்மா கடல் மீட்புப் படைக்கு போன் போட்டாள், நான் பைனாகுலரோடு பாறைக்கு ஓடினேன். படகை நீரோட்டம் வடக்கே இழுத்துப் போயிருந்தது, போனிலேயே மீட்புப் படகுக்கு இடம் சொன்னேன். பன்னிரண்டேகாலுக்கு ஹால்ஸ்டைனைத் தூக்கினார்கள். உயிர் இருந்தது. வலையை இழுக்கும்போது அலை தள்ளிக் கடலில் விழுந்து தோள் மூட்டு நழுவிவிட்டது, ஏற முடியாமல் ஒரு கையால் தொங்கியிருக்கிறான், மிதவை உடுப்புதான் காப்பாற்றியது.

இதுவரைக்கும் நான் தாங்கிக்கொண்டேன். மறுநாள் மருத்துவமனையில் அவன் சொன்னதுதான் என்னை உடைத்துவிட்டது. நாற்பது வருஷமாக இரண்டு வீடு தள்ளி இருக்கிறவன், ஒவ்வொரு மார்ச்சிலும் முதல் காட் மீனை நம் வாசலில் கொண்டுவந்து வைக்கிறவன். சுவரைப் பார்த்தபடி சொன்னான், “உன்னைப் பார்த்தேன்டா ஓட்வார். நேரா எனக்கு எதிர்ல நின்ன. தொண்டை கிழியக் கத்தினேன், கையை ஆட்டினேன். நீ கேமராவை இறக்கவே இல்ல. நான் சாகறதைப் படம் புடிக்கிறான்னு நினைச்சேன். அப்புறம் முதுகைக் காட்டிட்டுப் போயிட்ட.”

 பார்க்கவில்லை என்றேன். அவன் நம்பவில்லை. நேற்று மடிக்கணினியை எடுத்துப் போய் இருநூற்றுப் பன்னிரண்டு கழுகுப் படத்தையும் வரிசையாக அவன் முன்னால் ஓடவிட்டேன். எல்லாவற்றிலும் கழுகின் கண் மட்டும் பளிச்சென்று, பின்னால் எல்லாம் கரைந்துபோய் இருந்தது. “இதுல நான் எங்கடா?” என்றான். சிறகுக்குக் கீழே மங்கலான ஒரு ஆரஞ்சுத் தீற்றலைக் காட்டினேன். விரலை அதன் மேல் வைத்தான். “இவ்வளவுதானா நான்?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தான், சிரிப்பு இருமலாகி அழுகையாகிவிட்டது, நானும் அழுதேன், நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கழுகுப் படங்களை அழித்துவிடுகிறேன் என்றதற்கு, “அழிச்சா உன்னை விடமாட்டேன். அது பாவம், மீன் புடிக்க வந்துச்சு, என்னை மாதிரி” என்றான். அந்த நாலு படத்தை மட்டும் தனக்குத் தரச் சொன்னான், பத்திரிகைக்காரர்கள் கேட்டால் கொடுக்கக் கூடாது என்றான். கொடுக்கமாட்டேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். கேமராவைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, எப்படி இருந்தது என்று கடைக்காரர் கேட்டதற்கு நல்ல கேமரா என்று மட்டும் சொன்னேன். உனக்கும் அதையே சொல்கிறேன், வாங்கிக்கொள், உன் வேலைக்கு இதைவிடச் சிறந்தது கிடையாது. இரண்டு கோடு போட்ட அந்த வரியை மட்டும் தாளிலிருந்து அடித்துவிட்டேன், குவியம் பின்னால் ஓடுவதைக் குறை என்று எழுத எனக்கு இனி மனம் வராது. ஆனால் கேமராவில் கண் வைக்கிற அந்தத் துளையில் தெரிவது ஒரு சின்னத் திரை, கடல் இல்லை. அடிக்கடி முகத்தை எடுத்துச் சுற்றிலும் பார், படகில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணு. அப்பா எண்ணவில்லை.

கடவுள் உன்னையும் உன் கூட வேலை செய்கிறவர்களையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். அம்மா முத்தம் அனுப்புகிறாள், கம்பளிக் காலுறை வந்து சேர்ந்ததா என்று கேட்கிறாள். ஹால்ஸ்டைனுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு மகளே, தோள் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள், போதும்.

உன் அன்பு அப்பா,
ஓட்வார்