மிளகியின் இருமல்

வேங்கிக்கால்
20.09.2025, சனிக்கிழமை

மிளகி அப்பாவுக்கு,

வணக்கம். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நமக்கு மூன்றாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. இப்போது எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. அதனால் எழுதி, ஆட்டோ கண்ணாயிரத்திடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் வீட்டிலும் நாய் இருப்பதால் கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வைத்துத்தான் கொடுத்தேன்.

மிளகிக்கு உடம்பு சரியில்லை. போன ஞாயிறு உங்களிடமிருந்து அழைத்து வந்த அன்று சாயங்காலமே இருமினாள். கழுத்தை நீட்டி, எதுவோ சிக்கிக்கொண்டதுபோல் கமறி, கடைசியில் வெள்ளையாக நுரை கக்கினாள். டீ குடிக்கும்போதே நீங்கள் சொன்னீர்களே, "பக்கத்து வூட்டுல கோழி எலும்பு போட்டுட்டாங்க, அதான் செருமிக்கினு இருக்கா" என்று. நானும் அதையே பிடித்துக்கொண்டேன். எலும்பு இறங்கட்டும் என்று சோற்றை உருட்டி உருட்டி விழுங்க வைத்தேன். மிச்சத்தை மற்ற நாய்கள் நக்கின. தண்ணீரும் எல்லோருக்கும் ஒரே தொட்டிதான், உங்களுக்குத் தெரியாததா?

நேற்று காலை சடையன் இருமினான். மத்தியானம் குண்டம்மா. டாக்டர் மணிமொழியை வீட்டுக்கே வரவழைத்தேன். அவர் மிளகியின் தொண்டையை லேசாக அழுத்தியதுமே இருமல் வந்துவிட்டது. "எலும்பும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. இது தொத்து இருமல். ஒண்ணுக்கு வந்தா வீட்ல இருக்கிற அத்தனைக்கும் வந்துட்ட மாதிரிதான். பெருசுங்க தாங்கிடும், குட்டி, கிழவி இருந்தா அதுங்கள ஜாஸ்தி பாத்துக்குங்க" என்றார். பிறகு, "புதுசா ஏதாவது வந்துதா?" என்று கேட்டார்.

வந்திருக்கிறது. உங்களிடம் நான் சொல்லவில்லை. பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் ஒரு குட்டி யார் பின்னாலோ நடந்து வந்து, கூட்டத்தில் வழி தப்பி, என் காலடியில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு மாதம்தான் இருக்கும். தூக்கி வந்துவிட்டேன். அரிசி என்று பெயர். டாக்டரிடம் அதைச் சொன்னதும், "அப்ப அதுங்கிட்டேர்ந்துதான்" என்றார்.

ஆக, என் குட்டியால் உங்கள் மிளகிக்கு நோய். பதினோரு வயதுக் கிழவி. நாம் பிரிந்த இந்த இரண்டு வருடத்தில் ஒரு மாதம் உங்களிடம், ஒரு மாதம் என்னிடம் என்று பங்கு போட்டுக்கொண்டது இவள் ஒருத்தியைத்தான். அவளையும் நான் ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு மிளகியை அனுப்ப முடியாது. நீங்களும் பார்க்க வரவேண்டாம். நல்ல செய்தி இருந்தால் எழுதுகிறேன்.

ஆதிலட்சுமி


செங்கம் ரோடு
22.09.2025

அன்புள்ள ஆதி,

கடிதம் கிடைத்தது. கடையில் காலை டிபன் கூட்டம் முடிந்த பிறகுதான் பிரித்தேன். மிளகி சாப்பிடுகிறாளா? தண்ணீர் குடிக்கிறாளா? அதை நீ எழுதவே இல்லை.

மன்னிப்பெல்லாம் எதற்கு? உன் குணம் எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு பௌர்ணமிக்கும் எதையாவது தூக்கி வராதே என்று சேர்ந்து இருந்த காலத்திலேயே சொல்லியிருக்கிறேன். இனிமேலாவது கொஞ்சம் யோசி. நடந்தது நடந்துவிட்டது.

மிளகிக்குக் கஞ்சியை நன்றாகக் குழைய வைத்துக் கொடு. கட்டியாக வேண்டாம், தொண்டை எரியும். தேனை வெந்நீரில் கலந்து ஒரு ஸ்பூன் கொடுத்தால் இருமல் கொஞ்ச நேரம் அடங்கும். இங்கே அவள் படுக்கும் பாயையும் தட்டையும் வெந்நீரில் போட்டுக் கழுவியாகிவிட்டது. நீ கவலைப்படாதே. வெந்நீருக்குப் பெரிய அண்டா வேண்டுமானால் கண்ணாயிரத்திடம் சொல்லி அனுப்பு. கடையில் இரண்டு இருக்கிறது.

உன் உடம்பையும் பார்த்துக்கொள். ஆபீசுக்கு லீவு போட்டாயா?

மாணிக்கம்


வேங்கிக்கால்
27.09.2025

மிளகி அப்பாவுக்கு,

அண்டா வந்தது. நன்றி. லீவு போட்டிருக்கிறேன்.

மிளகி சாப்பிடுகிறாள், கொஞ்சமாக. அவளை என் அறையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டேன். அது உரசினாலே இருமல் கிளம்புகிறது. காலையும் மாலையும் குளியலறையில் அண்டா வெந்நீரை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, அவளும் நானும் ஆவியில் உட்கார்ந்திருக்கிறோம். என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, வாங்கிய மூச்சை விட மறந்தவள்போல் இருப்பாள். அப்புறம் ஒரு கமறல். எனக்கு உயிர் போய் வரும்.

வீடே ஆஸ்பத்திரியாகிவிட்டது. பூவன் ஒருவன்தான் இன்னும் இருமவில்லை. அதனால் முதலில் அவனுக்குச் சோறு வைத்துவிட்டு, பிறகு ஹாலில் இருக்கும் சடையன், குண்டம்மா, பிறகு மிளகி, கடைசியில் குட்டி. ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒரு நைட்டி தொங்குகிறது. உள்ளே போகும்போது அதை மாட்டிக்கொள்வேன், வரும்போது கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டுக் கைகழுவுவேன். பிளீச்சிங் பவுடரில் கைத்தோல் உரிகிறது. தொட்டியைக் கவிழ்த்துவிட்டேன். ஆளுக்கொரு கிண்ணம்.

குட்டியை மொட்டை மாடியில் இருக்கும் ஷீட் போட்ட அறைக்கு மாற்றிவிட்டேன். அது முதலில் தும்மியதோடு சரி, இருமல் பிறகுதான் வந்தது, ஆனால் மோசமாக வந்திருக்கிறது. அவ்வளவு தூரம் ஏன் என்று டாக்டர் கேட்டார். கீழே இடமில்லை என்றேன். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். இடம் இருந்தது. என் அறை மூலையில் ஒரு அட்டைப் பெட்டி வைக்கிற அளவுக்கு இடம் இருந்தது. மிளகியைப் படுக்கையில் தள்ளியது இதுதானே என்று எனக்கு உள்ளே ஒரு கோபம். இரண்டு மாதக் குட்டிமேல் கோபம் வைத்திருக்கிறேன், பாருங்கள்.

எல்லோர் வயிற்றிலும் ஒட்டிக்கொண்டு தூங்குகிற குட்டி அது. நேற்று சாயங்காலம் நல்ல மழை. சாக்கு இரண்டு சேர்த்துப் போட்டேன். ஊசி போட்டாகிவிட்டது. இரண்டு நாளில் தெரியும் என்கிறார்.

ஆதிலட்சுமி


வேங்கிக்கால்
30.09.2025

மிளகி அப்பாவுக்கு,

அரிசி செத்துப்போய்விட்டது.

காலையில் பால் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கதவு முழுதாகத் திறக்கவில்லை. கதவடியில் இருக்கும் இடுக்கில் மூக்கை வைத்தபடி கிடந்தது. சாக்கை விட்டு அங்கே வரைக்கும் நடந்து வந்திருக்கிறது. கீழே இருப்பவர்களின் வாசனை அந்த இடுக்கு வழியாகத்தான் வரும்.

நெஞ்சில் சளி இறங்கி நிமோனியாவாகிவிட்டதாம். "கீழ வச்சிருந்தாலும் பொழச்சிருக்கும்னு சொல்ல முடியாது" என்றார் மணிமொழி. நல்லவர், எனக்காகச் சொல்கிறார். கீழே வைத்திருந்தால் தனியாகச் செத்திருக்காது. அது எனக்குத் தெரியும்.

பின்னால் இருக்கும் காலி மனையில் ஆழமாகத் தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தேன். நீங்கள் சொன்னது சரி. நான் யோசிக்காமல் தூக்கி வந்துவிடுகிறேன், பிறகு காப்பாற்றத் தெரிவதில்லை. தெருவில் விட்டிருந்தால் அதுவும் பிழைத்திருக்கும், மிளகியும் நன்றாக இருந்திருப்பாள். இனிமேல் எந்த நாயையும் தொடமாட்டேன். பௌர்ணமிக்கு நடக்கவும் போவதில்லை.

மிளகிக்கு இருமல் கம்மியாகியிருக்கிறது. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

ஆதிலட்சுமி


செங்கம் ரோடு
02.10.2025

ஆதி,

நோயைக் குட்டி கொண்டுவரவில்லை. மிளகிதான் கொண்டுவந்தாள். தெரிந்தே அனுப்பியவன் நான்.

முந்தாநாள் உன் கடிதம் வந்ததிலிருந்து அடுப்புப் பக்கமே போகவில்லை. கடையை மூடிவிட்டேன். இதை எழுதிவிட்டுத்தான் திறப்பேன்.

செப்டம்பர் பத்தாம் தேதியே இவள் இருமினாள். கடைக்குப் பின்னால் மிச்சச் சோறு போடுகிற இடத்தில் நாலைந்து தெருநாய்கள் வரும். அதில் ஒன்று அதற்கு முந்தின வாரம் இதே மாதிரி இருமிக்கொண்டிருந்தது. எலும்பு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இங்கே மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் பெங்களூர்க்காரம்மா வெள்ளிக்கிழமை இறங்கி வந்து, "இது தொத்துங்க. வேற நாய்ங்க இருக்கிற எடத்துக்கு ரெண்டு வாரம் அனுப்பாதீங்க" என்று தெளிவாகச் சொன்னார். சரிங்க என்று தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வருவதற்கு அரைமணி முன்னால் மிளகிக்குத் தேனும் வெந்நீரும் கொடுத்தேன். நீ இருக்கும்வரை இவள் இருமக்கூடாது என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டேன். ஒரே ஒரு முறை செருமினாள். கோழி எலும்பு என்றேன். பக்கத்து வீட்டில் கோழியே சமைக்கமாட்டார்கள், ஆதி.

சொல்லியிருந்தால் நீ வந்திருக்கமாட்டாய். கண்ணாயிரத்தை அனுப்பி, "அங்கயே இருக்கட்டும்" என்றிருப்பாய். மாதத்துக்கு ஒரு ஞாயிறு, கால் மணி நேரம். பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பாய், சர்க்கரை ஜாஸ்தி என்பாய், மிளகி நம் இரண்டு பேர் காலுக்கும் நடுவில் படுத்திருப்பாள். அந்தக் கால் மணி நேரத்தை விட எனக்கு மனசு வரவில்லை. உன் வீட்டில் இன்னும் மூன்று நாய்கள் இருப்பது தெரியும். ஒன்றும் ஆகாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அதைவிடக் கேவலம், நீ மன்னிப்புக் கேட்டு எழுதியதும் அதை வாங்கி வைத்துக்கொண்டு உனக்கே புத்தி சொன்னது. அன்றே எழுதியிருந்தால் நீ அந்தக் குட்டிமேல் கோபப்பட்டிருக்கமாட்டாய். மாடிக்கு அனுப்பியிருக்கமாட்டாய்.

நீ எதையும் கொல்லவில்லை. இதை மட்டும் நம்பு. என்னை என்ன வேண்டுமானாலும் சொல். ஆனால் எழுது.

மாணிக்கம்


வேங்கிக்கால்
18.10.2025, சனிக்கிழமை

மிளகி அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் அதற்குப் பிறகு வந்த மூன்றும் கிடைத்தன. பதில் எழுதாததற்குக் காரணம், எழுதினால் வார்த்தைகள் தடித்துவிடும் என்பதுதான். இருமல் நின்று பதினான்கு நாள் போகட்டும் என்று டாக்டர் சொன்னார்; அது முடியட்டும் என்று காத்திருந்தேன். மூன்றாம் தேதிக்குப் பிறகு மிளகி ஒருமுறைகூட இருமவில்லை. சடையனும் குண்டம்மாவும் தேறிவிட்டார்கள். பூவனுக்குக் கடைசிவரை வரவே இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களை அடிக்க வேண்டும்போல் இருந்தது. என்னைப் பார்க்கத்தான் அப்படிச் செய்தீர்கள் என்று படித்தபோது, ஒரு நொடி சந்தோஷமாகவும் இருந்தது. ஒரு குட்டி செத்த அறையில் உட்கார்ந்துகொண்டு நான் சந்தோஷப்பட்டேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒன்று சொல்கிறேன். மிளகிக்கு உடம்பு சரியில்லை, இங்கேயே இருக்கட்டும், நீ வந்து பார் என்று சொல்லியிருந்தால் வந்திருப்பேன். ஆபீஸ் விட்டதும் தினமும் வந்திருப்பேன். உங்கள் கடையிலேயே உடுப்பை மாற்றி, கைகழுவிவிட்டுத்தான் திரும்பியிருப்பேன். கால் மணி நேரத்துக்காகப் பொய் சொன்னீர்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் பதினைந்து நாள் கிடைத்திருக்கும்.

இப்போது மிளகி விஷயம். இந்த இருமலில் அவள் நுரையீரல் தளர்ந்துபோய்விட்டது. இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டாள் என்கிறார் டாக்டர். இங்கும் அங்கும் அலையவிடக் கூடாது, நிறைய நாய்கள் இருக்கும் வீட்டிலும் வைக்கக் கூடாது. உங்கள் வீட்டில் வேறு நாய் கிடையாது. இரண்டு வாரமாக யோசித்துப் பார்த்தேன். உங்களிடம் கொடுக்கக்கூடாது என்பதற்கு எனக்கு ஒரே காரணம்தான் இருக்கிறது; அது என் கோபம். ஒருமுறை கோபத்தில் ஒரு நாயை எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். மறுபடியும் அதைச் செய்யமாட்டேன். மிளகி இனி உங்களிடமே இருக்கட்டும்.

கண்ணாயிரம் ஆட்டோவைக் கழுவிக் காயவைத்து எடுத்து வந்திருக்கிறார். பட்டை போடாதீர்கள், மார்பில் கட்டுகிற வார் வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் தெருநாய்களுக்குச் சோறு போடுவதை நிறுத்த வேண்டாம், அவையும் பாவம். போட்டுவிட்டுக் கைகழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு இவளிடம் வாருங்கள். மூக்கில் விடுகிற தடுப்பு மருந்தை அடுத்த மாதம் போடலாமாம். திங்கட்கிழமை தீபாவளி. வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள், இழுக்காதீர்கள்.

இரண்டாம் ஞாயிறு இனி இல்லை. நான் வரமாட்டேன். கிருமிக்குப் பயந்து அல்ல.

ஒரு மாதமாக என்னோடு ஒரே அறையில் இருந்துவிட்டதால் முதல் இரண்டு நாள் சோற்றைத் தொடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். கெஞ்சாதீர்கள். அம்மா வருவாள் என்றும் சொல்லாதீர்கள். மூன்றாம் நாள் தானாக எழுந்து வந்து சாப்பிடுவாள். நீங்கள் போனபோது எனக்கும் மூன்று நாள்தான் ஆனது.

ஆதிலட்சுமி