அத்தாயிக்கும் ஒரு முறை

வெண்ணந்தூர்,
26.3.1983

அன்பு மகள் உண்ணாமலைக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அப்பா மட்டும் மூன்று வாரமாக என்னோடு பேசுவதில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார்.

பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதட்டுமா என்று கேட்டிருக்கிறாய். நீ என்ன தப்புச் செய்தாய்? சண்டை சச்சரவுகளை ஆராய்ந்து தீர்க்கும் படிப்பு, அதற்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பொங்கலுக்கு வந்தபோது நம் பொதுக்கிணற்று வழக்கை எடுத்தாய். பெரியப்பாவைக் கேட்டதுபோலவே அத்தாயி சின்னம்மாவையும் உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொண்டாய். அவ்வளவுதானே. சின்னப்பா இறந்ததும் அவளுடைய தண்ணீர் முறையைப் பெரியப்பா எடுத்துக்கொண்டு நாலு வருடம் ஆகிறது. நீ கேட்கும்வரை அவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, நான் உட்பட.

நீ மதுரைக்குப் போன பிறகு அவள் வாய் திறந்து தன் முறையைக் கேட்டாள். உடனே மாரியம்மன் கோயில் முன்னால் பங்காளிகளைக் கூட்டிவிட்டார் பெரியப்பா. "படிக்கப் போனவ ஊட்டுச் சண்டையை எழுதிட்டுப் போயிருக்கறா. படிப்பை நிறுத்திக் கூட்டிட்டு வா. வைகாசியில ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்தறலாம்" என்றார். உன் அப்பா தலையைக் குனிந்தபடி சரி என்றார்.

நான் பெண்களோடு பின்னால் நின்றிருந்தேன். எப்படி முன்னால் வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. "ஏனுங்க, அத்தாயி இங்கதான நிக்கறா. கெணத்துல உனக்குப் பங்கில்லைன்னு அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. எம்புள்ள படிப்பு நிக்காதுங்க" என்றேன். அவர் அத்தாயியைப் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். கூட்டம் அப்படியே கலைந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நம் முறை. மோட்டாரைப் போட்டு, பாதிப் பொழுது அத்தாயியின் சோளக் காட்டுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டேன். அப்பா வரப்பில் நின்று பார்த்தார், தடுக்கவில்லை. நம் மரவள்ளி வாடுகிறது. வாடட்டும். அவளுடைய முறை அவளுக்குத் திரும்பும்வரை இப்படித்தான். பெரியப்பா வீட்டில் நம்மோடு போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள்.

நேற்றும் நம் முறை. நான் கஞ்சி எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போவதற்குள் தண்ணீர் அத்தாயி சோளத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. மண்வெட்டி அப்பா கையில் இருந்தது. கஞ்சியை வரப்பில் வைத்துவிட்டு வந்தேன்.

கட்டுரையை நடந்தது நடந்தபடி எழுது. யாருக்கும் மன்னிப்பு எழுதாதே.

பரீட்சை முடியும்வரை ஊர்ப் பக்கம் வராதே. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, உடனே புறப்படு என்று தந்தி வந்தாலும் கிளம்பாதே. என் கையெழுத்தில் வந்தால் மட்டும் நம்பு. நல்லா இரு சாமி.

உன் அம்மா,
சென்னியம்மாள்