என் வெள்ளை ஷூ

அன்பு மகளே,

முழங்கால் தேவலை. ஞாயிறு மாலை உன் அம்மாவுக்குத் தெரியாமல் வேராக்ரூஸ் சதுக்கத்துக்குப் போனேன். கைத்தடியோடு ஆடி அவளைச் சிரிக்கவைக்க நினைத்தேன். கிழவனுக்கு ஆசையைப் பார்!

ஜோடி ஆட்டத்துக்கான தன்சோன் இசை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என் நண்பன் எலிஹியோவோடு ஆடினாள். "உன் கால் சரியாகிறவரைக்கும் நான் துணைக்கு ஆடுறேன் மச்சான்" என்று அவன் கேட்டபோது தலையாட்டியவன் நான்தான்.

பாட்டு நடுவில் தணியும்போது ஜோடிகள் கையை விட்டுவிட்டு நிற்பார்கள், பெண்கள் விசிறிக்கொள்வார்கள். உனக்கே தெரியும். எல்லோரும் கையை விட்டார்கள். அம்மா விடவில்லை. அவளுடைய விசிறி அவன் சட்டைப் பையில் இருந்தது.

பக்கத்து பெஞ்சுக்காரம்மா என்னைத் தொட்டு, "புருஷன் பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும், பாத்தீங்களா?" என்றாள்.

"ஆமாங்க, புருஷன் கொடுத்துவெச்சவன்" என்றேன்.

அதைக்கூட எப்படியோ விழுங்கியிருப்பேன், மகளே. பிறகுதான் அவன் காலைப் பார்த்தேன். என் வெள்ளை ஷூ. "அடி தேஞ்சிருக்குப்பா, தைக்கக் கொடுக்கிறேன்" என்று நீ வீட்டிலிருந்து எடுத்துப்போனாயே, அதே ஷூ.

நீ ஒன்றும் விளக்க வேண்டாம். அது அவன் காலைக் கடிக்கிறதா என்று மட்டும் எழுது. என்னை முதல் மாதம் முழுக்கக் கடித்தது.

இப்படிக்கு,
இன்னும் உன் அப்பா