புஜ்ஜிக்கு நீ எடுத்துவைத்த பாதி

இன்று காலை உன் கைப்பையைத் திறந்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் கையில் கொடுத்த நாளிலிருந்து அது பீரோ கைப்பிடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. உன் ஆதார் கார்டு வேண்டுமென்று ஒரு ஆபீசில் கேட்டார்கள், இல்லாவிட்டால் இன்றைக்கும் தொட்டிருக்கமாட்டேன். உள் ஜிப்புக்குள், உன் கர்ச்சீப்பில் சுற்றி, பாதி மேரி பிஸ்கட் இருந்தது. துணியில் உன் பவுடர் வாசனை இன்னும் போகவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவன்தான், சித்தூர் பஸ்ஸைக் கோட்டைவிட்டேன். போய்த் தொலையட்டும்.

யாருக்காக எடுத்துவைத்தாய் என்று எனக்குத் தெரியாதா? புஜ்ஜிக்குத்தான்.

நாய் வேண்டுமென்று ஆரம்பித்தது நான். பிள்ளையில்லாத வீட்டில் சாயங்காலமானால் டிவி மட்டும் பேசிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. உனக்குப் புத்தூரில் பள்ளிக்கூடம், எனக்குச் சித்தூரில் ஆபீஸ். காலை எட்டு மணிக்குப் பூட்டினால் நம் திருப்பதி ஃபிளாட்டின் கதவு சாயங்காலம்தான் திறக்கும். இதெல்லாம் யோசிக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னை நாய்க்குட்டி விற்கிற கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரன் நீலக் கண்ணும் புசுபுசு முடியுமாக ஒரு ஹஸ்கிக் குட்டியைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டான். எனக்கு அப்போதே மனசு கரைந்துபோயிற்று. "ஊட்ல ஏசி இருக்குதில்ல மேடம்?" என்று அவன் உன்னைக் கேட்டான்.

"எங்களுக்கே ஏசி கெடையாது. திருப்பதி வெய்யில்ல இத இன்னா, ஃப்ரிஜ்ஜிலயா வெச்சி வளக்கறது?" என்றாய். கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

பொமரேனியனைக் காட்டினேன். "அது வாயே மூடாது. மேல் ஊட்டுக்காரம்மா நம்மளத் துன்னுடுவாங்க" என்றாய். லாப்ரடார் குட்டி என்றேன். அதற்கு நீ சிரிக்கவில்லை. "பச்சக் கொழந்தைங்க அது. ரெண்டு ரூமுக்குள்ள போட்டுப் பூட்டிட்டுப் போனா பகல் பூரா அழுதுகினு கெடக்கும். நம்ம சாயங்காலம் வந்து கொஞ்சினா சரியா பூடுமா?" என்றாய். அப்படியானால் சாவி கொடுக்கிற பொம்மை நாய்தான் வாங்கணும் என்று கத்திவிட்டு நான் வண்டியை எடுத்தேன். பின்னால் உட்கார்ந்துகொண்டு, என் முதுகைப் பார்த்துச் சொன்னாய்: "நம்ம ஊட்ல இருக்கற நேரத்துக்கு நாய் பாக்காதீங்க. நம்ம இல்லாத நேரத்துக்குப் பாருங்க."

அப்படித்தான் புஜ்ஜி கிடைத்தது. என் ஆபீசுக்குப் பின்னால் இருந்த மாம்பழக்கூழ் ஃபேக்டரியின் வாட்ச்மேன் வேலையை விட்டு மகன் வீட்டுக்குப் போகப்போவதாகவும், நாயை என்ன செய்வதென்று புலம்புவதாகவும் சொன்னேன். மறுநாளே லீவு போட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறிவிட்டாய். செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கியிருந்தது, நாலைந்து வயசுக்குக் குறையாது. நாட்டுநாய்தான். "சீசன்ல ஜனம் ஜேஜேனு இருக்கும்மா, எல்லாரு கூடயும் சுத்தும். சீசன் பூட்டா ஒரு ஈ காக்கா வராது. கேட்டாண்டயே படுத்துக்கினு ரோட்டப் பாத்துக்கினு இருக்கும். கத்தாது, ரகள பண்ணாது" என்றார் வாட்ச்மேன். நீ குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை நீட்டினாய். அது முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

"இதாங்க. இதுக்குக் காத்துக்கினு இருக்கத் தெரியும்" என்றாய்.

குட்டி கேட்டால் ரிட்டயர்டு ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறாளே என்று வழியெல்லாம் முணுமுணுத்தேன். அதற்கு வேறு தெலுங்கு மட்டும்தான் தெரியும். நமக்கு அது ஒரு பிரச்சினையா? எல்லை பிரித்தபோது ஊர் ஆந்திராவோடு நின்றுவிட, வெளியே தெலுங்கும் வீட்டில் தமிழுமாக வளர்ந்தவர்கள்தானே நாம். அதையும் நம்மைப்போலவே ஆக்கிவிட்டாய்.

முதல் வாரம் அது கதவைப் பிராண்டியது. நீதான் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தாய். வெளியே கிளம்பும்போது ஒரு பிஸ்கட்டை இரண்டாக உடைப்பாய். பாதியை அதன் வாயில் வைத்து "போய்ட்டு வரேன் புஜ்ஜி" என்பாய். மீதிப் பாதியை அதன் கண்ணெதிரே கர்ச்சீப்பில் சுற்றிப் பையில் போட்டுக்கொள்வாய். சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்தப் பாதியைக் கொடுப்பாய். முதலில் லிஃப்ட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாய், அப்புறம் கடைவரைக்கும், அப்புறம் பள்ளிக்கூடம். பாதி பாக்கியிருக்கிறது, அதனால் வருவாள் என்று அதற்குப் புரிந்துவிட்டது. நான் கிண்டலடிப்பேன். "நீங்க மட்டும் இன்னா? எங்க நைனா ஊட்டாண்ட உட்டுட்டுப் போனா 'போறேன்'னா சொல்வீங்க? 'வரேன்'னுதான சொல்வீங்க? அதுக்கும் அதான்" என்பாய்.

நெஞ்சு வலிக்கிறது என்று நீ சுவரைப் பிடித்துக்கொண்ட காலையில், ஆம்புலன்ஸ் ஆட்கள் வீல்சேரோடு நின்றபோது, பிஸ்கட் டப்பாவை எடுக்கச் சொன்னாயே, அடிப்பாவி! உயிர் போகிற நேரத்தில் பிஸ்கட்டா என்று நான் அலறினேன். நீ கேட்கவில்லை. உடைத்தாய், கொடுத்தாய், மீதியைச் சுற்றிப் பையில் வைத்தாய். "போய்ட்டு வரேன் புஜ்ஜி" என்றாய். அது தன் பாயில் போய்ப் படுத்துக்கொண்டது. என்னிடம் நீ ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் கூடவே வருகிறேனே என்று விட்டுவிட்டாய் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை நேரே கார்வேட்டிநகரம் பக்கம் உங்கள் குடும்ப நிலத்துக்கு, கொல்லைக்கு எடுத்துப்போய்விட்டார்கள். புஜ்ஜியைக் கூட்டிவரச் சொல்லிக் கேட்டேன். "பொணம் இருக்கற எடத்துல நாய் எதுக்குடாப்பா?" என்று உன் அக்கா அழுதுகொண்டே தடுத்துவிட்டாள். எனக்கு வாதாடத் தெம்பில்லை. அதுவரை எதிர்வீட்டுக்காரர்தான் சாவி வாங்கி அதற்குச் சோறு வைத்தார். காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது புஜ்ஜி என் கால், கை எல்லாம் முகர்ந்தது. பிறகு என்னைத் தாண்டி லிஃப்டைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மாங்காய் சீசனில் போனாய். தீபாவளியும் போய்விட்டது. தினமும் சாயங்காலம் லிஃப்ட் சத்தம் கேட்டால் எழுந்து கதவருகே உட்காரும். அரைத்தட்டுச் சோறு தின்றால் அதிகம். விலா எலும்பு தெரிகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். ஒரு காரை இரவல் வாங்கிக் கொல்லைக்குக் கூட்டிப்போய் உன்னைப் புதைத்த இடத்தைக் காட்டினேன். முகர்ந்தது, பக்கத்து நிழலில் கொஞ்சம் படுத்தது, பிறகு கார் கதவருகே போய் நின்றுவிட்டது. வீட்டுக்குப் போகணுமாம், நீ வரும்போது அது வீட்டில் இருக்கவேண்டாமா? அன்றைக்குக் காரில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இந்த நாயை அது சாகிறவரைக்கும் இப்படி உட்காரவைத்துவிட்டாயே என்று உன்னை ஏசினேன். காத்திருக்கத் தெரிந்ததாகப் பார்த்துப் பார்த்து எடுத்தாய் அல்லவா, பார்.

இன்று பகல் முழுக்க அந்தப் பாதியைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. உன் கை கடைசியாக உடைத்தது அது. அதையும் கொடுத்துவிட்டால் என்னிடம் என்ன இருக்கிறது? சாயங்காலம் லிஃப்ட் சத்தம் கேட்டது. புஜ்ஜி தடுமாறி எழுந்து கதவருகே போயிற்று. லிஃப்ட் நம் மாடியில் நிற்காமல் மேலே போய்விட்டது. அது அப்படியே உட்கார்ந்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கர்ச்சீப்போடு அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"இந்தா, அவ குடுக்கச் சொன்னா" என்றேன்.

கர்ச்சீப்பில் மூக்கை வைத்தது. ரொம்ப நேரம் எடுக்கவேயில்லை. வால் தரையில் தட்டத் தொடங்கியது. நீ செருப்போடு நின்று கொடுக்கும்போது தட்டுமே, அதேபோல. பிறகு நமுத்துப்போன அந்தப் பிஸ்கட்டை மென்று தின்றது. என் உள்ளங்கையில் ஒட்டியிருந்த தூளையும் நக்கியது. எழுந்து தட்டில் இருந்த சோற்றை முழுக்கத் தின்றுவிட்டுத் தன் பாய்க்குப் போய்ச் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டது. நீ போனதிலிருந்து அந்த நேரத்தில் அது தூங்கி நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் மறுபடி லிஃப்ட் சத்தம். புஜ்ஜியின் காதுகூட அசையவில்லை. நான்தான் எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். லிஃப்டிலிருந்து எதிர்வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு வெளியே வந்தார்.

"இன்னா சார், யாராச்சும் வராங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.