எட்டு எபிசோடு

என் கோபக்காரிக்கு,

அம்மா வீட்டில் சௌக்கியமா? மூன்று வருடம் டிவி சேனல்களின் படியேறி இறங்கியது வீண்போகவில்லை. எட்டு எபிசோடு தொடர் கிடைத்துவிட்டது!

என் துப்பறியும் கதையைக் கேட்டு சேனல் அதிகாரி கொட்டாவி விட்டார். பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். ஊரிலிருந்து வந்த மனைவியை ரயில் நிலையத்தில் மூன்று மணி நேரம் காக்கவைத்துவிட்டு, வீட்டில் வசனம் எழுதிக்கொண்டிருந்த புருஷனின் கதை. அடுத்த ரயிலிலேயே அவள் அம்மா வீட்டுக்குத் திரும்பிவிட்டதைச் சொன்னதும், மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“தப்பு யார் மேலங்க?”

“வசனம் எழுதினவன் மேலதான் சார்.”

“இதையே எடுப்போம். கடைசியில அந்தம்மா திரும்பி வந்துடுவாங்கல்ல?”

“கேட்டுச் சொல்றேன் சார்” என்றேன். வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம்.

இப்படிக்கு,
முடிவு தெரியாத
உன் கதாசிரியன்